புயலுக்குப் பின் கூரையைக் கவனியுங்கள்



2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது.  இத்தகைய புயலில் கூரை பறந்த வீட்டை எல்லோரும் பார்க்கிறோம். கூரை நின்ற வீட்டில், ‘அல்ஹம்துலில்லாஹ், தப்பித்தோம்’ என்று இருந்துவிடுகிறோம். ஆனால் நம் பகுதியில் வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை பெய்யும். புயலில் ஆட்டம் கண்ட கூரை அந்த மழையில்தான் ஒழுகத் தொடங்கும்.

காற்று கூரையை அழுத்துவதைவிட மேல்நோக்கி இழுப்பதே அதிகம். ஓரம், மூலை, முகடு ஆகிய இடங்களில் அந்த இழுப்பு கடுமையாக இருக்கும். ஆகவே அங்கிருந்து சோதனையைத் தொடங்குங்கள்.

சிமெண்ட் ஷீட் வீடு: பகலில் கதவு, ஜன்னலை அடைத்துவிட்டு உள்ளிருந்து மேலே பாருங்கள். வெளிச்சம் கசியும் இடத்தில் விரிசல் இருக்கும். போல்ட்டைச் சுற்றித் துளை பெரிதாகியிருக்கிறதா, வாஷர் கழன்றிருக்கிறதா என்று கவனியுங்கள். ஷீட்டின் மேல் ஏறாதீர்கள். பார்க்க உறுதியாக இருந்தாலும் மிதித்தால் உடைந்துவிடும். ஆஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலுக்குக் கேடு. உடைந்த துண்டுகளை நனைத்த பிறகே அப்புறப்படுத்துங்கள்.

ஓட்டு வீடு: ஓர் ஓடு நகர்ந்தாலும் தண்ணீர் சட்டத்தில் இறங்கி, மரம் மெல்ல உளுத்துப்போகும். ஓட்டு வரிசை நேராக இருக்கிறதா என்று தெருவில் நின்று பாருங்கள்.

மாடி வீடு: மரம் விழுந்த இடம், கைப்பிடிச் சுவரின் அடிப்பகுதி, தண்ணீர்த் தொட்டியின் பீடம் ஆகியவற்றில் புதிய விரிசல் உண்டா என்று பாருங்கள். இலை, தழை அடைத்த வடிகுழாயை உடனே சுத்தம் செய்யுங்கள். உட்கூரையைக் கம்பால் மெதுவாகத் தட்டும்போது பொள்ளல் சத்தம் கேட்டால் காரை விட்டிருக்கிறது. அதன் கீழே குழந்தைகளைப் படுக்க வைக்காதீர்கள்.

மின்விசிறி, சுவிட்ச் பெட்டி அருகே ஈரம் தெரிந்தால் மெயினை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும் வரை போடாதீர்கள்.

பழுது பார்க்கும் முன் சேதத்தைப் படம் எடுத்து வையுங்கள். நிவாரண மனுவுக்கு உதவும். தனியாக வாழும் முதியோர், கணவரை இழந்த பெண்கள் ஆகியோரின் வீடுகளை மஹல்லா இளைஞர்கள் அடுத்த மழைக்குள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரு வாஷரை மாற்றும் செலவு சிறியது. ஊறிப்போன கூரை இடிந்தால் இழப்பு பெரியது.