72 மணி நேரம்... மறந்துடாதீங்க!

"வெளியே தெரிஞ்சா மானம் போயிடும், ஏதாவது கஷாயம் கொடுங்க டாக்டர்!" பாலியல் பலாத்காரத்துக்கு ஆளான மகளைச் சித்த வைத்தியரிடம் இப்படி அழைத்து வரும் பெற்றோர் உண்டு. வேண்டாம்! இதற்குக் கஷாயம் கிடையாது. நேரே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அவசரக் கருத்தடை மாத்திரை, எச்.ஐ.வி. தடுப்பு மருந்து இரண்டையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கணும். நாளாக ஆகத் தடயமும் அழிந்துவிடும். குளிக்காமல், துணியைத் துவைக்காமல் போவது நல்லது, குளித்திருந்தாலும் தயங்காதீர்கள். 'புகார் கொடுத்தால்தான் வைத்தியம்' என்று தனியார் ஆஸ்பத்திரியும் சொல்லக்கூடாது. இலவசமாகச் சிகிச்சை தரணும். போலீஸுக்கு அவர்களே தகவல் சொல்வார்கள்.

கரு தங்கிவிட்டால்? 24 வாரம் வரை கலைக்கச் சட்டம் அனுமதிக்கிறது.

புகாருக்கு என்ன கெடு? பலாத்கார வழக்குக்குக் காலக்கெடுவே இல்லை; வருடங்கள் கழித்தும், எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். அலுவலகத்தில் பாலியல் தொல்லை என்றால் மட்டும், அங்குள்ள புகார்க் குழுவுக்கு 3 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கணும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் கிடைக்கும்.

உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098. பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவது குற்றம். தலைகுனிய வேண்டியவன் தப்பு செய்தவன். நம்ம பொண்ணு இல்லை!