வளைந்த தட்டு

பால்வழி மண்டலத்தின் தட்டு ஓரங்களில் வளைந்திருக்கிறது. உள்ளேயிருந்து அதை அறிவது எளிதல்ல. சித்தன்னவாசல் குகைக்குள் நிற்பவருக்கு விதானத்துத் தாமரைக்குள ஓவியம் தெரியும். குன்றின் வடிவம் தெரியாது. பால்வழிக்குள் இருக்கும் பூமிக்கும் அதே நிலைதான். போதாக்குறைக்குத் தூசி வேறு.

கைகொடுத்தவை செஃபீட் விண்மீன்கள். இவை இளையவை, பெரும்பாலும் 40 கோடி வயதுக்குள். சூரியனுக்கோ 460 கோடி. இவற்றின் ஒளி சீராகக் கூடிக் குறையும். துடிப்பு மெதுவாக ஆக, உண்மையான பிரகாசம் அதிகம் என்று 1912இல் வானியலாளர் ஹென்ரியட்டா லீவிட் காட்டினார். அந்தப் பிரகாசத்தைக் கண்ணுக்குத் தெரியும் மங்கலோடு ஒப்பிட்டு, தூசி மறைப்பதையும் கழித்தால் தூரம் கிடைத்துவிடும்.

2019இல் போலந்து வானியலாளர்கள் 2,431 செஃபீட்களை முப்பரிமாணத்தில் குறித்தனர். தட்டின் ஓரம் ஒருபுறம் மேலெழுந்தும் மறுபுறம் தாழ்ந்தும், வெயிலில் காய்ந்த அப்பளம்போலத் தெரிந்தது. அருகிலுள்ள சிறு மண்டலங்களின் ஈர்ப்பு இதற்குக் காரணமாகலாம்.