கண்ணாடிச் சட்டத்தில் ஈசாப் கதை

முகம் பார்க்கும் கண்ணாடியின் மரச்சட்டம் கதை சொல்லுமா?

சொல்லும் என்று காட்டினார் லண்டன் மரச்சிற்பி தாமஸ் ஜான்சன். 1758இல் அவர் வெளியிட்ட வடிவமைப்புத் தொகுப்பில், சட்டங்களின் கொடிகளுக்கும் இலைகளுக்கும் நடுவே ஈசாப் கதை விலங்குகள் எட்டிப் பார்க்கின்றன. அவருக்கு முன்மாதிரி எது தெரியுமா? முந்தைய நூற்றாண்டில் பிரான்சிஸ் பார்லோ என்ற ஓவியர் அந்தக் கதைகளுக்கு வரைந்த படங்கள்!

அந்தக் காலத்து ஆங்கிலேயச் சட்டங்களில் சங்குபோல் சுருளும் வளைவுகள் பிரான்சிலிருந்து வந்தவை. நீண்ட அலகுப் பறவைகளும் அடுக்குக் கோபுரங்களும் சீனக் கலைப்பொருட்கள் மேல் இருந்த மோகத்தால் வந்து சேர்ந்தவை. இத்தனையும் ஒரே சட்டத்தில், சண்டையில்லாமல்!

இந்தச் சட்டங்களுக்குத் தங்கம் ஏற்றிய விதம் நமக்குப் புதிதாக இருக்காது. தஞ்சாவூர் ஓவியத்தில் சுண்ணப்பொடியைப் பசையோடு குழைத்து, மேடாக்கி, அதன்மேல் தங்கத் தாள் ஒட்டுவார்கள் அல்லவா? லண்டனிலும் செதுக்கிய மரத்தின்மேல் சுண்ணமும் பசையும் பூசி, வழவழப்பாகத் தேய்த்த பிறகுதான் தங்கம். அந்தத் தங்க இதழ் மூச்சு பட்டாலே பறந்துவிடும். அதனால் கையால் தொடாமல், அணில் முடித் தூரிகையால் எடுத்து ஒட்டினார்கள்.