குழந்தை சீஸ் சாப்பிட மாட்டேங்குதா? பாஸ்தாவுக்கு ஒரு சிஏ போட்ட கிச்சன் கணக்கு

வழக்கமா இங்கே எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், வருமான வரின்னுதான் பேசுவோம். இன்னிக்கு பாஸ்தா பத்தி பேசப் போறோம். சிரிக்காதீங்க, இதுலயும் கணக்கு இருக்கு.

என் பொண்ணுக்கு ஏழு வயசு. பாஸ்தா உயிர், ஆனா சீஸ் வாசனை வந்தாலே தட்டைத் தள்ளி வெச்சுடுவா. 'இது பிடிக்கலைன்னா வேற சீஸ் பிடிக்கும்'னு நானும் ஒவ்வொண்ணா வாங்கிட்டே இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃப்ரிட்ஜுல ஸ்டாக் எடுத்தேன். மொசரெல்லா 135 ரூபாய், சீஸ் ஸ்ப்ரெட் 110, துருவின பார்மேசன் 325. எல்லாமே ரெண்டு ஸ்பூன் எடுத்துட்டு, அப்படியே பூஞ்சை பிடிச்சுக் கிடந்தது. மொத்தம் 570 ரூபாய் குப்பைத்தொட்டிக்குப் போச்சு. வீட்டுல சாப்பிடலையேன்னு மாசம் ரெண்டு தடவை வெளியில ஆர்டர் வேற. டெலிவரியோட 310 ரூபாய்னா, மாசம் 620, வருஷத்துக்கு 7,440.

ஆனா பணத்தை விட என்னை உறுத்தினது வேற ஒண்ணு. ஒரு நாள் சீஸை தக்காளி சாஸோட மிக்ஸியில அடிச்சு ஒளிச்சு வெச்சேன். முதல் வாய்லயே கண்டுபிடிச்சுட்டா. அடுத்த ஒரு வாரம் தோசைக்கு வெச்ச சட்னியைக்கூட மோந்து பார்த்துட்டு, "அம்மா, இதுல என்ன போட்டிருக்கே?"ன்னு கேட்டா. ஆடிட் பண்றது என் தொழில். என் வீட்டுலயே என் பொண்ணு என்னை ஆடிட் பண்ண ஆரம்பிச்சுட்டா! அன்னிக்கே ஒளிச்சு வைக்கிறதை நிறுத்திட்டேன்.

முதல்ல, சீஸ் என்ன வேலை பார்க்குது?

ஒரு செலவை வெட்டுறதுக்கு முன்னாடி, அந்த செலவு நமக்கு என்ன தருதுன்னு பார்க்கணும் இல்லையா? பாஸ்தாவுல சீஸ் நாலு வேலை பார்க்குது. உப்பு தருது, கொழுப்பு தருது, சாஸைக் கெட்டியாக்குது, நாக்குல நிக்கிற ஒரு ஆழமான ருசியைத் தருது. நாலையும் ஒரே பொருள் செய்யாது. அதனால உங்க குழந்தைக்கு எது பிடிக்கலைன்னு முதல்ல கேளுங்க. வாசனையா, நூல் மாதிரி இழுக்கிறதா, புளிப்பா? பதிலைப் பொறுத்துதான் மாற்று.

இன்னொரு விஷயம். சீஸ் இல்லாத பாஸ்தா ஒண்ணும் அரைகுறை சாப்பாடு இல்லை. பூண்டு, ஆலிவ் எண்ணெய், மிளகாய் மட்டும் போட்டுச் செய்யற ஆக்லியோ ஏ ஓலியோ இத்தாலியில பிரபலம். மீன், இறால் போட்ட பாஸ்தாவுல சீஸ் சேர்க்காததுதான் அங்கே வழக்கம். தெற்கு இத்தாலியிலயும் சிசிலியிலயும் சீஸ் வாங்க வசதி இல்லாதவங்க, பழைய ரொட்டியைத் தூளாக்கி எண்ணெயில வறுத்துத் தூவிக்கிட்டாங்க. இன்னிக்கும் அதை ருசிக்காகவே செய்யறாங்க.

ரெண்டு தட்டுக்கு என்ன செலவு?

150 கிராம் பாஸ்தாவுக்கான கணக்கு இது. எங்க ஏரியா விலை. உங்க ஊர் விலையைப் போட்டுப் பாருங்க.

- மொசரெல்லா, 60 கிராம்: சுமார் 40 ரூபாய். ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்.
- ஒயிட் சாஸ்: ஒரு டேபிள்ஸ்பூன் வெண்ணெய், ஒரு டேபிள்ஸ்பூன் மைதா, கால் லிட்டர் பால். சுமார் 25 ரூபாய். மைதாவை நிறம் மாறாம சிறு தீயில வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக் கிளறணும். இல்லைன்னா கட்டி தட்டும்.
- முந்திரி: 12 முந்திரியை வெந்நீர்ல அரை மணி நேரம் ஊறவெச்சு, 100 மில்லி பாலோட அரைங்க. சுமார் 24 ரூபாய். கொஞ்சம் இனிப்பா இருக்கும், உப்பும் மிளகும் சரியாப் போடணும்.
- பன்னீர்: 50 கிராமை கொஞ்சம் பாலோட அரைச்சா சுமார் 26 ரூபாய். புரதம் வேணும்னா இதுதான் நல்லது.
- கட்டித் தயிர்: 200 கிராம் தயிரைத் துணியில கட்டித் தொங்கவிட்டா போதும். சுமார் 16 ரூபாய். அடுப்பை அணைச்ச பிறகுதான் சேர்க்கணும், இல்லைன்னா திரிஞ்சுடும். புளிப்பு பிடிக்காத குழந்தைக்கு வேண்டாம்.
- வறுத்த ரொட்டித் தூள்: ரெண்டு ஸ்லைஸ் ரொட்டி, ஒரு ஸ்பூன் எண்ணெய், ரெண்டு பல் பூண்டு. சுமார் 10 ரூபாய். மேலே தூவ மட்டும்.

எதைச் செஞ்சாலும் பாஸ்தா வெந்த தண்ணியில அரை கப் எடுத்து வைங்க. அதுல இருக்கிற மாவுச்சத்துதான் சாஸை பாஸ்தாவோட ஒட்ட வைக்கும். இது முழுக்க இலவசம்! ஆழமான ருசிக்கு வறுத்த பூண்டு, காளான், நல்லா சுண்டின தக்காளி.

பில்லையும் லேபிளையும் பாருங்க

2025 செப்டம்பர் 22 முதல் சீஸுக்கும் பாஸ்தாவுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்துலேர்ந்து 5 ஆச்சு. பாக்கெட் பன்னீருக்கு இருந்த 5 சதவீதம் பூஜ்யமாச்சு. விலை ரொம்பக் கம்மியா ஒரு 'சீஸ்' கிடைச்சா, 'அனலாக்'னு போட்டிருக்கான்னு பாருங்க. பால் கொழுப்புக்குப் பதிலா தாவர எண்ணெய் சேர்த்த பொருள் அது. பொருட்கள் பட்டியல்ல எது அதிகமோ அதுதான் முதல்ல வரும்.

ஒரு எச்சரிக்கை. சீஸ் சாப்பிட்டதும் வயித்து வலி, வாந்தி, தோல்ல தடிப்பு வருதுன்னா அது அடம் இல்லை, டாக்டரைப் பாருங்க. பால் அலர்ஜி இருந்தா பன்னீர், தயிர், ஒயிட் சாஸ் எதுவுமே கூடாது.

சரி, எவ்வளவு மிச்சம்?

நேர்மையா சொல்றேன். சீஸை மாத்தினதுல ஒரு வேளைக்கு 15 ரூபாய் மிச்சம். அதை வெச்சு யாரும் கோடீஸ்வரர் ஆகப் போறதில்லை. நாம பார்க்க வேண்டிய கணக்கு, சமைச்ச தட்டுக்கு என்ன செலவுங்கிறது இல்லை. *காலியான* தட்டுக்கு என்ன செலவுங்கிறதுதான். 25 ரூபாய் சாஸ் மீந்து போனா அது நஷ்டம். அதனால சின்ன பாக்கெட்டா வாங்குங்க. ஒரு தடவைக்கு ஒரே மாற்றம். முதல்ல ரெண்டு ஸ்பூன் மட்டும் கொடுங்க. என்ன போட்டீங்கன்னு சொல்லிடுங்க.

எங்க வீட்டுல வழி சொன்னது என் மாமியார்தான். "பால் கொழுக்கட்டை சாப்பிடறாளே, பாஸ்தாவையும் பால்ல பண்ணேன்"னாங்க. பொண்ணையே ஸ்டூல்ல நிக்க வெச்சு சாஸைக் கிளற விட்டேன். பால், வெண்ணெய், மைதா, எல்லாம் அவ கண்ணு முன்னாடியே போச்சு. மேலே ரொட்டித் தூளை அவளே தூவிக்கிட்டா. தட்டு காலி. மூணு மாசமா வெளியில பாஸ்தா ஆர்டர் பண்ணலை, அந்த 620 ரூபாய் அவ பேர்ல இருக்கிற ஆர்டிக்குப் போகுது.

முக்கியமா, இப்போ சட்னியை மோந்து பார்க்கிறதில்லை.

உங்க வீட்டு ஃப்ரிட்ஜுலயும் ஒரு தடவை ஸ்டாக் எடுத்துப் பாருங்க. தூக்கிப் போட்டது எத்தனை ரூபாய்னு கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோவில் மாச மளிகை பட்ஜெட்டோட சந்திப்போம்.