புடவை மடியில், புத்தி கைபேசியில்!
கல்யாண ஜவுளிக் கடையில் ஒரு நாள் பாடு

சரக்கு ரயிலுக்காகக் கேட்டில் காத்து நின்று பழகியவர்கள் கொருக்குப்பேட்டை மக்கள். பொறுமையில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை என்பார்கள். ஆனால், மிஞ்சிய ஆள் ஒருவர் இருக்கிறார். கல்யாணப் புடவை எடுத்துக் காட்டும் கடைப் பெண்தான் அவர்!

கொருக்குப்பேட்டைக் குடும்பங்கள் ஜவுளி எடுக்கப் போவது பெரும்பாலும் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்கு. ரயிலில் போனால் அடுத்த நிலையம். எம்.சி. என்பது மணியக்காரர் சத்திரத்தின் சுருக்கம். 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய சத்திரம் அது. பிற்காலத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி வளர்ந்ததும் அதிலிருந்துதான். அதனால்தான் பெரியவர்கள் இன்றும் அதைக் "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி" என்கிறார்கள். பசித்தவர் வரிசையில் நின்ற அந்த வட்டாரத்தில், இன்று முகூர்த்தப் பட்டுக்கு வரிசை நிற்கிறது.

பத்துப் பேர் வந்தால்...

ஒரு கல்யாணத்துக்குப் புடவை எடுக்க எத்தனை பேர் வருவார்கள்? பெண், பெண்ணின் தாயார், மாப்பிள்ளையின் தாயார், இரண்டு அத்தைமார், ஒரு சித்தி, குழந்தைகள் மூன்று. மூலையில் பையைக் காவல் காக்கும் அப்பா!

இவர்களில் புடவையைப் பார்ப்பவர் எத்தனை பேர்? அதுதான் வேடிக்கை. கல்யாணப் பெண் கைபேசியில் துபாயில் இருக்கும் அக்காளுக்குப் புடவையைக் காட்டுகிறாள். தாயார் சமையல்காரரிடம் பேசிக்கொண்டிருக்கிறார். அத்தை, பக்கத்துக் குடும்பம் எடுக்கும் புடவையை எட்டிப் பார்க்கிறார். சம்பந்தியம்மாள் வாயே திறக்கவில்லை. குழந்தை விரித்த பட்டின்மேல் ஐஸ்கிரீமோடு நடந்து வருகிறது.

"அம்மா, இந்த அரக்கு எடுத்துக்கலாமா?" என்று கடைப் பெண் கேட்கிறார்.

"எடு, எடு" என்கிறார் தாயார். அவர் சொன்னது புடவையை அல்ல. சமையல்காரரிடம் கத்தரிக்காயைச் சொன்னார்!

இந்த "எடு, எடு"வை நம்பிப் பில் போட்டால் வந்தது வினை. மறுநாள் புடவை திரும்பி வரும். அதற்குள் ரவிக்கைத் துணியை வெட்டியிருந்தால் திருப்பி எடுப்பது எப்படி? கடைசியில் பழி விழுவது கடைப் பெண்ணின் தலையில்.

யார் சொல் எடுபடும்?

இந்தத் தொழிலில் பழம் தின்றவர்கள் முதலில் புடவையைப் பார்க்கமாட்டார்கள். ஆளைத்தான் பார்ப்பார்கள். யார் சொன்னால் இந்த வீட்டில் எடுபடும்? பெரும்பாலும் அது அதிகம் பேசாத ஆளாகவே இருக்கும். அவர் பக்கம் ஒரு நாற்காலியும் ஒரு டம்ளர் தண்ணீரும் போனால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது, வேண்டாம் என்றதை உடனே எடுத்துவிட வேண்டும். கண் முன்னால் நாற்பது புடவை கிடந்தால் யாருக்குத்தான் புத்தி நிற்கும்? இரண்டோ மூன்றோ மிஞ்சும்போது, தானாகவே கைபேசி கீழே இறங்கும்.

கைபேசியில் நிறம் மாறிப்போவதும் பெரிய தொல்லை. கடை விளக்கில் ஒரு நிறம், படத்தில் ஒரு நிறம். மாம்பழ மஞ்சள் துபாயில் எலுமிச்சையாகத் தெரியும். "வேண்டாம்" என்று அங்கிருந்து தீர்ப்பு வரும். விவரம் தெரிந்த சிப்பந்தி வாக்குவாதம் செய்யமாட்டார். புடவையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பெண்ணின் தோளில் போட்டுவிடுவார்.

பில் போடும் முன் முந்தானை, கரை, ரவிக்கைத் துணி மூன்றையும் பிரித்துக் காட்டி, விலையை உரக்கச் சொல்வார். வாங்குபவர் தலையாட்டினால் போதாது. வாய் திறந்து சொல்லவேண்டும். இது வாங்குபவருக்கும் நல்லதே. காஞ்சிபுரம் பட்டு சாமானியமாக நெய்யப்படுவதா? கோர்வை முறையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடா ஓடவேண்டும். நெசவாளிக்குத் துணையாள் ஒருவர் வேண்டும். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2005-இல். அசல் பட்டு என்பதற்கு மத்தியப் பட்டு வாரியம் 2004-இல் "சில்க் மார்க்" முத்திரையைக் கொண்டுவந்தது. பல ஆயிரம் ரூபாய் கொடுப்பவர், பேச்சை ஒரு நிமிடம் நிறுத்தி அந்த முத்திரைச் சீட்டைப் பார்க்கக்கூடாதா?

நின்ற கால்கள்

வாங்க வந்தவர்களுக்கு மெத்தை விரிப்பு உண்டு, நாற்காலி உண்டு. காட்டுகிறவருக்கு? பல கடைகளில் காலை முதல் இரவு வரை நிற்பதுதான் வழக்கமாக இருந்தது. சும்மா இருக்கும் நேரத்திலும் உட்காரக்கூடாது! கால் வீக்கம், இடுப்பு வலி, நரம்புச் சுருட்டல் எல்லாம் இதனால் வந்தவை.

இதை எதிர்த்து முதலில் குரல் எழும்பியது கேரளத்தில். கோழிக்கோட்டில் பி. விஜி என்ற தையல் தொழிலாளி, கடைப் பெண்களைத் திரட்டி உட்காரும் உரிமைக்காகப் போராடினார். 2018-இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டிலும் 1947-ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டது. கடையில் வேலை செய்யும் எல்லோருக்கும் இருக்கை வசதி வேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்கிறது அந்தத் திருத்தம்.

வாய்ப்புக் கிடைக்கும்போது! கல்யாணப் பெண் அக்காளோடு கால் மணி நேரம் பேசுகிறாளே, அதுவும் வாய்ப்புத்தான். அடுத்த முறை நீங்கள் கடையில் பேச்சில் மூழ்க நேர்ந்தால், "நீ உட்காரும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மூழ்குங்கள்.

கடைசிக் குடும்பம் போன பிறகும் வேலை ஓய்வதில்லை. விரித்த பட்டை எல்லாம் பழைய மடிப்பு மாறாமல் மடித்து அடுக்கவேண்டும். மடிப்பு பிசகினால் ஜரிகை நசுங்கும். அப்படி அடுக்கும்போது சில நாட்களில் புடவைக் குவியலுக்கு அடியிலிருந்து மணி அடிக்கும். கைபேசியை மறந்துவிட்டுப் போயிருப்பார்கள்!