மரவள்ளியும் மண்ணுரிமையும்



சேலத்துப் பக்கத்தில் சவ்வரிசி செய்யப் பயன்படும் மரவள்ளிக் கிழங்கை நீங்கள் நன்கு அறிவீர்கள். அதன் தாயகம் தென் அமெரிக்கா. அங்கே இக்கிழங்கையே உயிர்நாடியாகக் கொண்டு வாழும் பழங்குடியினருள் ஒரு பிரிவினரைப் பற்றி இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அவர்கள் பெயர் லொக்கோனோ. அவர்கள் மொழியில் அச்சொல்லுக்கு 'மக்கள்' என்பதே பொருள். பழைய நூல்கள் இவர்களை அரவாக்கியர் என்று குறிப்பிடும். கயானா, சுரினாம், பிரெஞ்சுக் கயானா முதலிய பகுதிகளில் இவர்கள் சிற்றூர்களில் வாழ்கின்றனர். சுரினாமின் கிழக்கே உள்ள அல்போன்ஸ்டார்ப் அத்தகைய ஊர்களுள் ஒன்று.

இவ்வூர்களின் பொருளாதாரம் காட்டில் தொடங்குகிறது. ஆடவர் மரங்களை வெட்டிச் சாய்த்து, காய்ந்தபின் எரித்து, அந்தச் சாம்பலை எருவாக்குவர். மகளிர் பெரும்பாலும் கசப்பு மரவள்ளியை நடுவர். உடைந்த கிழங்கில் ஹைட்ரோசயனிக் என்னும் கொடிய நஞ்சு உண்டாகும். நஞ்சுள்ள பயிரை ஏன் விரும்பி வளர்க்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அந்த நஞ்சே பூச்சிகளிடமிருந்தும் விலங்குகளிடமிருந்தும் கிழங்கைக் காக்கிறது!

அந்த நஞ்சை நீக்கும் முறை வியப்புக்குரியது. கிழங்கைத் துருவி, 'மத்தப்பி' என்னும் நீண்ட பின்னற் குழலில் திணிப்பர். குழலின் மேல்முனையை உத்தரத்தில் மாட்டிக் கீழ்முனையை இழுத்தால் குழல் நீளும். நீள நீள உட்புறம் சுருங்கும். நச்சுச் சாறு வடிந்துவிடும். எஞ்சிய மாவைச் சலித்து, வட்டக் கல்லில் பெரிய அடையாகச் சுடுவர். எஞ்சிய நஞ்சும் வெப்பத்தில் ஆவியாகிவிடும். வடித்த சாற்றையும் அவர்கள் வீணாக்குவதில்லை. நெடுநேரம் காய்ச்சினால் அது இறைச்சி கெடாமல் காக்கும் கருங்குழம்பாகிறது. மீனும் வேட்டையும் உணவை நிறைவு செய்யும். அடை, அன்னாசி, கூடை முதலியவற்றை விற்றும், நகரங்களில் கூலி வேலை செய்தும் அவர்கள் பணம் ஈட்டுகின்றனர்.

இரண்டு மூன்று விளைச்சலுக்குப் பின் மண் களைத்துவிடும். அப்போது அந்நிலத்தைப் பல ஆண்டுகள் காடாக வளரவிட்டு வேறிடம் செல்வர். இங்கேதான் சிக்கல் எழுகிறது. பழங்குடியினருக்கு வயலாகவும் வேட்டைக்களமாகவும் விளங்கும் காடு, பட்டா இல்லாமையால் சட்டத்தின் கண்ணில் அரசு நிலமாகிவிட்டது. 1986ஆம் ஆண்டில் அப்பகுதியின் ஒரு பங்கு வானே ஓடை இயற்கைக் காப்பகம் என அறிவிக்கப்பட்டது. ஆயினும் 1997 முதல் அக்காப்பகத்திலேயே பாக்சைட் தோண்டப்பட்டது. காடு சிதைந்தது, வேட்டை குறைந்தது.

லொக்கோனோ மக்களும் அண்டையிலுள்ள கலீனா மக்களுமாக எட்டு ஊரினர் நீதி கேட்டனர். 2015ஆம் ஆண்டு நவம்பரில், அமெரிக்க நாடுகளுக்கிடையேயான மனித உரிமை நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்து, ஊர்ப் பொதுவுரிமையைச் சட்டப்படி ஏற்குமாறு சுரினாமுக்கு ஆணையிட்டது. எனினும் தீர்ப்புக்குப் பின் பல ஆண்டுகள் சென்றும் அந்தப் பட்டா ஊராரின் கைக்கு வரவில்லை.

நண்பர்களே, ஓய்ந்து கிடக்கும் வயலைத் தரிசென்று கொள்பவர், அடுத்த தலைமுறையின் உணவையே பறித்துவிடக்கூடும். ஒரு மக்களின் உழவு முறையை அறியாமல் அவர்கள் நிலத்தை அளப்பது முறையாகாது என்பதே இவ்வூர்கள் நமக்கு உணர்த்தும் பாடம்.