மூன்று வேளை மாத்திரை, இரண்டு வேளை சோறு

பழையசீவரத்துக்கு எதிரே, பாலாற்றின் மறுகரையில் இருக்கிறது திருமுக்கூடல். 11ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் அங்கே 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலர்சாலை நடந்ததை வெங்கடேசப் பெருமாள் கோயில் கல்வெட்டு சொல்கிறது. வைத்தியருக்கும், அறுவை செய்பவருக்கும், பணிப்பெண்களுக்கும் தரவேண்டிய ஊதியம்கூட அதில் உண்டு. ஆனால் அந்தச் சாலை வேதம் பயின்ற மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்கும் ஆனது. ஏர் பிடித்தவரும் நாற்று நட்டவரும் அந்தக் கணக்கில் வரவில்லை.

இன்று அரசு மருத்துவமனைக் கதவு நமக்கும் திறந்திருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் செய்துகொள்ள முடிகிறது. ஆனால் சீட்டில் எழுதித் தரும் மருந்து நம் வாழ்க்கைக்குப் பொருந்துகிறதா? சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குத் தரும் பாஸ்பேட் கட்டுப்பாட்டு மாத்திரையை எடுத்துக்கொள்வோம்.

நாம் உண்ணும் உணவிலிருந்து பாஸ்பரஸ் ரத்தத்தில் சேர்கிறது. மிகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். அது பழுதானால் பாஸ்பேட் ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. டயாலிசிஸ் ஒரு பகுதியைத்தான் எடுக்கும். மிஞ்சுவது எலும்பை வலுவிழக்கச் செய்யும்; ரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு படிய வைத்து இதயத்தைத் தாக்கும். உடம்பெல்லாம் அரிப்பும் எடுக்கலாம். அதைத் தொற்றுச் சொறி என்று நினைத்து நோயாளியை ஒதுக்குவது தவறு. அது யாருக்கும் ஒட்டாது.

கால்சியம் கார்பனேட், கால்சியம் அசிடேட், செவெலமர் ஆகியவை இதற்கான மருந்துகள். இவை குடலில் சோற்றோடு வரும் பாஸ்பேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றுகின்றன. அதனால் சாப்பாட்டோடு சேர்த்தே விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் பிடிப்பதற்கு அங்கே எதுவும் இருக்காது, மாத்திரை வீண்.

சிக்கல் இங்கேதான். சீட்டில் காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை எழுதியிருக்கும். காலையில் கூழோ பழையதோ குடித்துவிட்டு வேலைக்குப் போய், இரவில்தான் வயிறார உண்ணும் கூலித் தொழிலாளி மதிய மாத்திரையை எதனோடு போடுவார்? அவருக்கு இரவு உணவோடு கூடுதல் மாத்திரை தேவைப்படலாம். அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் நாம் எத்தனை வேளை, எப்போது, என்ன சாப்பிடுகிறோம் என்பது தெரிந்தால்தானே அவரால் முடிவு செய்ய முடியும்?

உணவுப் பட்டியலும் இப்படித்தான். நம் தட்டில் இருக்கும் கருவாடு, மாட்டுக்கறி, எலும்புச் சாறு பற்றிச் சொல்ல நாம் கூச்சப்படுகிறோம், கேட்பவர்களும் குறைவு. முகம் சுளிப்பார்களோ என்ற பயம் சாதி தந்தது. கருவாட்டிலும் எலும்புச் சாற்றிலும் பாஸ்பரஸ் உண்டு, கருவாட்டில் உப்பும் அதிகம். அதற்காகக் கறி, மீன், முட்டை எல்லாவற்றையும் விட்டுவிடக் கூடாது. டயாலிசிஸ் செய்பவருக்குப் புரதம் கூடுதலாக வேண்டும். முட்டையின் வெள்ளைக் கருவில் புரதம் மிகுதி, பாஸ்பரஸ் குறைவு. கறியை வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துவிட்டால் பாஸ்பரஸ் ஓரளவு குறையும். முதலில் நிறுத்த வேண்டியது கறுப்பு நிறக் கோலா பானங்களையும் பாக்கெட் தீனிகளையும்தான். அவற்றில் சேர்க்கும் பாஸ்பேட் உடலில் எளிதாக ஏறிவிடும்.

கால்சியம் மாத்திரை விலை குறைவு, செவெலமர் விலை அதிகம். கடைக்குப் போகும் முன் மருத்துவமனை மருந்தகத்திலும் மக்கள் மருந்தகத்திலும் கேட்டுப் பாருங்கள். விலைக்குப் பயந்து பாதியில் நிறுத்தாதீர்கள். கட்டுப்படியாகவில்லை என்று மருத்துவரிடம் சொன்னால் மாற்று மருந்து தர வழியிருக்கலாம்.

படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேலை. வீட்டிலோ தெருவிலோ டயாலிசிஸ் செய்பவர் இருந்தால், மூன்று நாள் அவர் சாப்பிட்டதையும் சாப்பிட்ட நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் அதை அவர் மேசையில் வைக்கச் சொல்லுங்கள்.